கண் முந்தியா, தலை முந்தியா

கயல்: நிறுத்து, நிறுத்து... கெட்டிமேளம் கொட்டுறாங்க. மாப்பிள்ளை கைல தாலி. மண்டபமே எழுந்து நிக்குது. நீ இன்னாடா பண்ணிக்கினு கீற?

மதி: படம் புடிச்சுக்கிட்டு இருக்கேன்.

கயல்: வடை துன்னுக்கினு கீற.

மதி: ...வடைதானா? கண்ணாடியத் துடைச்சு மாட்டிப் பாரு.

கயல்: மெதுவடை. நடுவுல ஓட்டை வரைக்கும் தெரியுது. அவ்ளோ சுத்தமா எடுத்து வச்சிருக்க.

மதி: கயலு, ஆறு வருஷமா காமிராவுக்குப் பின்னாடிதான் நிக்கிறேன். கால் தானா போய் அங்கயே நின்னுக்கிச்சு.

கயல்: இது நாலு பக்கமும் எடுக்குற காமிரா, நைனா! இதுக்கு ஏது பின்னாடி? இந்த வி.ஆர். கண்ணாடிய மாட்டிக்கினு தலையத் திருப்புனா எல்லாமே முன்னாடிதான். நீதானே கல்யாண வீட்டுல வகுப்பு எடுத்த? 'மேடம், தலையத் திருப்புங்க, மண்டபமே உங்களச் சுத்தி நிக்கும்'னு?

மதி: எடுத்தேன். வகுப்பு எடுத்தவன் மட்டும் பாடத்தைக் கவனிக்கலை.

கயல்: ஆறு வருஷத்துல பொண்ணு மாப்பிள்ளைய விட நீ பெருசா தெரியுற மொத கல்யாணம் இதான். வாழ்த்துக்கள்.

மதி: எங்க வீட்டுல சந்தோஷப்படுவாங்க. எனக்கு வேற கல்யாணம் ஆகுற மாதிரி தெரியலை.

கயல்: சிரிக்காத. பொண்ணோட அப்பா, பொன்ராஜ் சார், காலைல போன் பண்ணாரா இல்லையா?

மதி: பண்ணாரு.

கயல்: இன்னா சொன்னாரு? அப்படியே சொல்லு.

மதி: 'தம்பி, பின்னால இருக்கத வெட்டணும். நேர்ல வாரேன், கண்ணாடிய எடுத்து வை.' அவ்வளவுதான். வச்சிட்டாரு.

கயல்: உன்னைத்தான் வெட்டச் சொல்றாரு. ஒரு மணி நேர வேலை. மாவிலைத் தோரணத்த நாலு தடவ ஒட்டி உன் மேல மூடிடுறேன். எதுக்கு மூஞ்சிய இப்படி வச்சிக்கினு கீற?

மதி: பின்னால நான் மட்டும் இல்லையே.

கயல்: ஆமா, கேக்கணும்னு இருந்தேன். மூணாவது தூண் பக்கத்துல, மாம்பழக் கலர் புடவை. உனக்கு வடை குடுக்குறாங்களே, யாரு அந்தம்மா?

மதி: யாரோ. கல்யாணத்துக்கு வந்தவங்க.

கயல்: அட்சதை தூவுறாங்க. மேடைக்குப் போகலை, உன் மண்டைல விழுது.

மதி: தூரம் ஜாஸ்தி.

கயல்: அந்த அரிசிய உன் முடிலேர்ந்து ஒண்ணொண்ணா பொறுக்குறாங்க.

மதி: சுத்தம் பார்க்குறவங்க போல.

கயல்: முந்தானையால உன் வாயைத் துடைக்கிறாங்கடா!

மதி: அன்பானவங்க. ராயப்பேட்டைல உனக்கு யாரும் வாயைத் துடைச்சு விட்டதே இல்லையா?

கயல்: விட்டிருக்காங்க. ஒரு அறை வச்சிட்டு. எங்கம்மா... டேய். அம்மாதான் இப்படித் துடைப்பாங்க. உங்கம்மாவா அது?

மதி: அவங்க பேரு தங்கபுஷ்பம். நாலு மாசமா நீ அவங்க டப்பாலதான் சாப்பிடுற.

கயல்: அய்யய்யோ. வத்தக்குழம்பு அம்மாவா? அவங்க எதுக்கு பொன்ராஜ் சார் வீட்டுக் கல்யாணத்துல தூணைப் புடிச்சுக்கினு நிக்கணும்?

மதி: அவரு கூடப் பொறந்த தங்கச்சி.

கயல்: ...இன்னொரு வாட்டி சொல்லு.

மதி: பெரியவரு வெள்ளைத்துரை அண்ணாச்சி, அடுத்தது பொன்ராஜ், கடைசி எங்கம்மா. தி.நகர்ல அவங்க பாத்திரக்கடைல அம்மாதான் பில் போடுற இடத்துல உக்கார்ந்திருந்தாங்க. எங்கப்பா வடபழனி ஸ்டுடியோல லைட்மேன். டிபன் கேரியர் வாங்க வந்தாரு. மறுநாள் மூடி சரியில்லைன்னு மாத்த வந்தாரு. அதுக்கு மறுநாள் பிடி சரியில்லைன்னு வந்தாரு. நாலாவது நாள் கேரியர் நல்லாத்தான் இருக்குன்னு அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டாரு.

கயல்: கேரியர்?

மதி: நீ தினம் சாப்பிடுறியே, அதான். இருபத்தொன்பது வருஷமா ஒரு மூடி கழலலை.

கயல்: அதுக்கப்புறம் பேச்சே இல்லையா?

மதி: பெரியவரு ஒரு வார்த்தை சொன்னாரு, வீடு மொத்தமும் வாயை மூடிக்கிச்சு. ஆறு வருஷம் முன்னாடி அப்பா இறந்தப்பகூட யாரும் படி ஏறலை.

கயல்: நீ அவரு தங்கச்சி மவன்னு பொன்ராஜ் சாருக்குத் தெரியுமா?

மதி: தெரிஞ்சா வேலை குடுப்பாரா? நானும் சொல்லலை. அம்மாவால போகத்தான் முடியாது, படத்தையாவது பார்க்கட்டும்னு ஒத்துக்கிட்டேன். அதுக்கு அடுத்த வாரம் வீட்டுக் கதவுக்கு அடியில ஒரு பத்திரிகை கிடக்கு. நாலு மூலைலயும் மஞ்சள். கவர்ல பேரு இல்ல.

கயல்: யாரு போட்டது?

மதி: கல்யாணப் பொண்ணு அனுப்ரியாவா இருக்கும்னு அம்மா. பக்கத்து வீட்டுக்கு வந்தது தப்பி விழுந்திருக்கும்னு நான். எதுவா இருந்தாலும் மஞ்சள் வச்சது வச்சதுதான்னு புடவைய எடுத்து இஸ்திரிக்குக் குடுத்துட்டாங்க.

கயல்: செம அம்மாடா.

மதி: கயலு, அவங்க வீட்டுப் படம் எதுலயும் எங்கம்மா இல்ல. பழைய ஆல்பத்துல இருந்ததையும் கத்தரிச்சுட்டாங்களாம். இது ஒண்ணுலதான் இருக்காங்க. இப்ப இதையும் என் கையாலயே வெட்டணும்.

கயல்: இரு. அழுவாத.

மதி: அழலை. ஏ.சி. தண்ணி சொட்டுது.

கயல்: அது ஓடவே இல்ல, மூணு மாசமா. இரு, எனக்கு ஒண்ணு இடிக்குது. தி.நகர்ல பார்க்குற இடத்துல எல்லாம் ஸ்டுடியோ. ஏ.சி., லிப்டு, காபி, எல்லாம் கீது. அந்த மனுஷன் மூட்டு வலியோட வடபழனி வரைக்கும் வந்து மூணு மாடி ஏறி நம்மகிட்ட எதுக்கு வந்தாரு?

மதி: என் திறமை.

கயல்: வடை.

மதி: சரி, போர்டைப் பார்த்திருப்பாரு. 'த.நெ. மதிவாணன்'னு எவ்ளோ கம்பீரமா எழுதி வச்சிருக்கேன்.

கயல்: ரெண்டு இனிஷியல் வச்சுக்கினு பெரிய தலைவரு! தள்ளு, கம்ப்யூட்டர குடு. போன திங்கக்கிழமை அவங்க வீட்டுல கண்ணாடிய மாட்டிக் காட்டுனோமே, அந்தக் கணக்கு எல்லாம் உள்ளதான கீது?

மதி: கண்ணு எங்க போச்சு, தலை எங்க போச்சு, எல்லாம் இருக்கும். அதை வச்சுத்தானே ஆல்பம் போடுறோம். யாரு மூஞ்சில எல்லாரு கண்ணும் நிக்குதோ, அந்த மூஞ்சி பெருசு.

கயல்: அதேதான். டேய், பல்லி!

மதி: எங்க? எங்க?

கயல்: இல்ல. பார்த்தியா? மொதல்ல உன் கண்ணு ஓடுச்சு. அப்புறம்தான் தலை பின்னாடியே போச்சு. தெரியாததத் தேடுறவன் எல்லாம் அப்படித்தான். கண்ணு முந்தி. இப்ப வாசல் பக்கம் காலண்டர்ல தேதி இன்னா, பாரு.

மதி: பதினாலு. அதுக்கு என்ன?

கயல்: இப்ப தலைதான் மொதல்ல திரும்புச்சு. காலண்டர் எங்க கீதுன்னு உனக்குத் தெரியும் இல்ல? எங்க பார்க்கப் போறோம்னு முன்கூட்டியே தெரிஞ்சவனுக்கு தலை முந்திக்கும், கண்ணு சாவகாசமா வரும். கண் சிமிட்டுற நேரத்துல பாதிகூட இல்ல. நம்மளுக்குத் தெரியாது. கண்ணாடிக்குத் தெரியும்.

மதி: சரி... அவங்க வீட்டுல யாருக்கு என்ன?

கயல்: பொண்ணு அனுப்ரியா... கண்ணு முந்தி. அவங்கம்மா, கண்ணு முந்தி. பெரியவரு வெள்ளைத்துரை, கண்ணு முந்தி. பொன்ராஜ் சாரு... ஏய்.

மதி: என்ன?

கயல்: ஏய் மதி, இங்க பாரு. மொத வாட்டி போடுறாரு. நாலாவது செகண்டு. தாலி பக்கம்கூட போகலை, அதுக்குள்ள—

பொன்ராஜ்: தம்பி... ஏ தம்பி... ஆள் இருக்கியளா?

மதி: வந்துட்டாரு! மூடு, மூடு. சார், வாங்க சார், உக்காருங்க.

பொன்ராஜ்: இரு, மூச்சு வாங்கிக்கிடுதேன்... என்னய்யா இது, பழனி மலைக்காவது விஞ்ச் இருக்கு. கடைய மேகத்துல வச்சிருக்க.

மதி: வாடகை தரையில நிக்கலை சார், அதான் மேல ஏறிட்டோம்.

பொன்ராஜ்: வாய்க்குக் கொறச்சல் இல்ல. அந்த வாய்ல கெட்டிமேளத்துல மெதுவடைய வேற அடைச்சுக்கிட்டு நிக்க. எங்க வீட்டுக் கல்யாணத்துல நீ பட்டினியா கெடந்த மாதிரி நாலு பேரு நினைக்க மாட்டானா?

மதி: மன்னிச்சுக்கோங்க சார். உங்க வடை மேலதான் தப்பு. அவ்ளோ நல்லா இருந்திருக்கக் கூடாது.

கயல்: சார், ஒரு டவுட்டு. அன்னிக்கு வீட்டுல நீங்க மேடைய மட்டும்தான் பார்த்தேன்னு சொன்னீங்க இல்ல?

பொன்ராஜ்: ஆமா. மவ கல்யாணம். தாலியப் பாக்காம வேற எதப் பாப்பாக?

கயல்: மேடை முன்னாடி கீது. வடை பின்னாடி கீது. தலையத் திருப்பாம வடை எப்படி சார் தெரிஞ்சுது?

பொன்ராஜ்: ...அண்ணாச்சி சொன்னாவ.

கயல்: அண்ணாச்சிக்கு அது மெதுவடைன்னும் தெரியுமா?

பொன்ராஜ்: என்ன தம்பி இந்தப் புள்ள, வக்கீலுக்குப் படிச்சுதா?

மதி: எடிட்டிங்கு சார். ரெண்டுக்கும் வெட்டுறதுதான் வேலை.

பொன்ராஜ்: அந்த வெட்டு வேலைக்குத்தான் வந்தேன். பின்னால மூணாவது தூண் இருக்குல்லா, அந்தப் பக்கத்த அப்படியே எடுத்துரு. அண்ணாச்சி சொல்லியாச்சு. ஞாயித்துக்கிழம மறுவீட்டு விருந்து. சம்பந்தகாரவுக முன்னால போட்டுக் காட்டணும்.

மதி: தூணை எடுத்தா மண்டபம் விழுந்துடும் சார். சும்மா சொன்னேன்.

கயல்: எதுலேர்ந்து எது வரைக்கும் சார்? வாயால சொன்னா தப்பாயிடும். கண்ணாடிய மாட்டிக்கினு காட்டுங்க, நான் குறிச்சுக்கிறேன்.

பொன்ராஜ்: திரும்பவுமா? வேண்டாம்மா, தலை சுத்தும்.

கயல்: ஒரே நிமிஷம். மாட்டிட்டேன். தெரியுதா?

பொன்ராஜ்: ம்... மேளக்காரங்க... மேடை... மவ தலை குனிஞ்சு இருக்கா... 

கயல்: தூணு சார்.

பொன்ராஜ்: பாக்கேன், பாக்கேன். பொறு.

மதி: அவசரமில்ல சார்.

பொன்ராஜ்: ...மெலிஞ்சுட்டா.

மதி: யாரு சார்?

பொன்ராஜ்: ...யாரும் இல்ல. தூணச் சொன்னேன்.

மதி: தூணா மெலிஞ்சிருக்கு?

பொன்ராஜ்: முன்னால முடி முழங்கால் வரைக்கும் இருக்கும்... கைல கண்ணாடி வளவிதான போட்டிருக்கா? கலர் தெரியல. கொஞ்சம் கிட்டக்கப் போய்ப் பாக்கேன்...

கயல்: சார், நடக்காதீங்க! மதி, லைட்டு ஸ்டாண்டு!

மதி: மாமா! மாமா, பார்த்து!

பொன்ராஜ்: ஐயோ... என்னது விழுந்துச்சு?

மதி: லைட்டு. போகட்டும், அது ஏற்கனவே செத்துப்போன லைட்டு. உங்களுக்கு அடி பட்டுச்சா?

பொன்ராஜ்: முழங்கால்ல. ஏற்கனவே செத்துப்போன முழங்கால். இப்ப என்னமோ கூப்புட்டியே?

கயல்: அது... இவன் எல்லாரையும் மாமான்னுதான் சார் கூப்பிடுவான். ஆட்டோக்காரரு, தண்ணி கேன் போடுறவரு, எல்லாரும் மாமாதான். மெட்ராஸ் பழக்கம்.

பொன்ராஜ்: கூப்பிடட்டும், கூப்பிடட்டும். ஏம்மா, நான் ரெண்டு எட்டு வச்சும் கிட்டக்க வரலையே?

கயல்: வராது சார். காமிரா எங்க நின்னுச்சோ, நீங்களும் அங்கதான் நிப்பீங்க. தலைய எவ்ளோ வேணா திருப்பலாம். கால் எடுத்து வைக்க முடியாது.

பொன்ராஜ்: ...இத்தன வருசமா அப்படித்தான இருக்கேன். இதுக்கு எதுக்கும்மா ஒரு கண்ணாடி?

கயல்: கழட்டிடவா சார்?

பொன்ராஜ்: இன்னுஞ் செத்த நேரம் இருக்கட்டும்.

மதி: சார், கண்ணாடி உள்ள இருக்கறப்பவே ஒண்ணு சொல்லிடுறேன். என் மூஞ்சி தெரியாதுல்ல, எனக்கும் தைரியமா இருக்கும். அது நீங்க எங்க பார்க்குறீங்கன்னு எழுதி வைக்கும்.

பொன்ராஜ்: எது?

மதி: அந்தக் கண்ணாடிதான். அன்னிக்கு வீட்டுலயும் எழுதிச்சு. நீங்க கையெழுத்துகூட போட்டீங்க, சம்மதம்னு.

பொன்ராஜ்: கடைல ஒரு நாளைக்கு நூறு கையெழுத்து போடுதேன். எவன் படிக்கான்? என்ன எழுதிச்சாம்?

கயல்: உங்க வீட்டம்மா சொன்னாங்க, 'எங்க வீட்டுக்காரருக்கு மேளம்னா உசிரு, பாருங்க, தலை அந்தப் பக்கமே நிக்குது'ன்னு. தலை மேளக்காரங்க பக்கம்தான் சார் கீது. கண்ணு மட்டும் அதைத் தாண்டி ஓரத்துக்குப் போய் தூண்கிட்ட நிக்குது. பதினேழு வாட்டி.

பொன்ராஜ்: அடப்பாவி... இத அண்ணாச்சி பாத்தாவளா?

கயல்: அண்ணாச்சிக்குத் தலைதானே தெரியும். பக்கத்துல உக்கார்ந்தவங்களுக்கு எல்லாம் தலைதான் தெரியும்.

பொன்ராஜ்: பாத்திரக்கடைல நாப்பது வருசம். கொடம் வாங்க வாரவ கொடத்தப் பாக்க மாட்டா, பக்கத்துல இருக்க அண்டாவப் பாப்பா. வெலைய அண்டாவுக்குத்தான் சொல்லணும். அம்புட்டு தெரிஞ்சவனயே இந்தப் பெட்டி புடிச்சிட்டுதே.

கயல்: அண்ணாச்சியையும் புடிச்சிருக்கு சார்.

பொன்ராஜ்: அண்ணாச்சியா? அவுக என்னத்தப் பாத்தாவ?

கயல்: மொதல்ல கண்ணு போச்சு. அப்புறம் தலை திரும்புச்சு. அப்படியே நாப்பத்திரெண்டு செகண்டு, அசையலை. மவ... தம்பி மவ கழுத்துல தாலி ஏறுது, அதைக்கூட பார்க்கலை. அதுக்கப்புறம்தான் கண்ணாடியக் கழட்டி வச்சாரு. உங்ககிட்ட 'வெட்டு'ன்னது அதுக்கும் அப்புறம்தானே?

பொன்ராஜ்: நாப்பத்திரெண்டு செகண்டா?

கயல்: கோவமா இருக்குறவங்க ஒரு செகண்டுல மூஞ்சியத் திருப்பிக்குவாங்க சார். நானே அப்படித்தான்.

பொன்ராஜ்: எங்கண்ணாச்சிக்கு சாமி கும்புடவே அம்புட்டு நேரம் ஆவாது... நெசமாத்தான் சொல்லுதியா தாயி?

கயல்: நான் சொல்லலை. கண்ணாடி சொல்லுது.

பொன்ராஜ்: கழட்டும்மா. மூஞ்சியத் துடைக்கணும். உள்ள வேர்க்குது.

மதி: ஏ.சி. வேலை செய்யலை சார். எங்களுக்கும் அடிக்கடி அப்படித்தான் வேர்க்கும்.

பொன்ராஜ்: டீ கெடைக்குமா?

மதி: கிடைக்கும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும் சார். நேர்லயே சொல்லிடுறேன், இப்ப கண்ணாடியும் இல்ல. அந்தத் தூண்கிட்ட நிக்கிறது... எங்கம்மா. வேலைய ஒத்துக்கறப்ப சொல்லியிருக்கணும். சொல்லலை. தப்பு. வடைக்கு ஏற்கனவே மன்னிப்பு கேட்டுட்டேன், இதுக்கும் சேர்த்துக் கேட்டுக்கறேன். ஆனா வெட்ட மாட்டேன். வேற ஆள வச்சு வெட்டிக்குங்க.

பொன்ராஜ்: சக்கர கொஞ்சம் கம்மியா போடச் சொல்லு.

மதி: சார், நான் என்ன சொல்றேன், நீங்க—

பொன்ராஜ்: காது கேக்குது. முழங்கால்தான் போச்சு. ஏம்மா, ஒரு வேல செய்ய முடியுமா? இவன வடையோட எடுத்துட்டு, அந்த எடத்துல என்னக் கொண்டுபோயி நிப்பாட்ட முடியுமா? அவ பக்கத்துல?

கயல்: முடியும் சார். அரை நாள் வேலை.

பொன்ராஜ்: அப்ப செய்யி.

கயல்: மாட்டேன்.

பொன்ராஜ்: ஏன்?

கயல்: பொய்யாயிடும். பக்கத்துல நிக்கணும்னா நீங்கதான் சார் போய் நிக்கணும். சாலிகிராமம் இங்கேர்ந்து பத்து நிமிஷம். அவங்க வீடு கீழ்த்தளம்தான். மாடி ஏற வேணாம்.

பொன்ராஜ்: வக்கீலுக்கே படிச்சிருக்கலாம் இந்தப் புள்ள.

மதி: சார், பேச்சை மாத்தாதீங்க. நான் ஒண்ணு கேக்கணும். கண்ணு முந்தியா, தலை முந்தியான்னு ஒரு கணக்கு இருக்கு. தெரியாம பார்க்குறவங்களுக்குக் கண்ணு முந்தும். அங்க ஆள் இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சவங்களுக்குத் தலை முந்தும். உங்க வீட்டுல எல்லாருக்கும் கண்ணு முந்தி. உங்களுக்கு மட்டும், மொத தடவ போட்டப்பவே, நாலாவது செகண்டுல—

கயல்: தலை முந்தி சார். நேரா தூண் பக்கமா திரும்பி, மேளக்காரங்ககிட்ட நின்னுக்கிச்சு. தேடவே இல்ல.

பொன்ராஜ்: கழுத்து வலி. சில நேரம் தானா திரும்பும்.

மதி: காமிராவ நான் மேடை முன்னாடி வைக்கப் போனேன். 'நடுவுல வைடா, அங்கதான் காத்து வரும்'னு இழுத்துட்டு வந்து வச்சது நீங்க. காமிராவுக்கு எதுக்கு சார் காத்து?

பொன்ராஜ்: மெஷினு சூடாவும்லா.

மதி: அந்தத் தூண்கிட்ட ஒரே ஒரு நாற்காலி. சுத்தி பத்தடிக்கு வேற நாற்காலியே இல்ல.

பொன்ராஜ்: மண்டபத்துக்காரன் மறந்து போட்டிருப்பான்... டீ இன்னும் வரலியா?

மதி: டீ வரும். எங்கம்மா கதவுக்கு அடியில வந்த கவரை பூஜை ரூம்ல வச்சிருக்காங்க. அதுல பேர் இல்ல. மஞ்சள் மட்டும், ஒரு மூலைல கட்டைவிரல் ரேகையோட. பொம்பளை விரலு இல்ல அது, பெரிய விரலு. நேரா சொல்லுங்க. தலைய ஆட்டாம, மேளக்காரங்க பக்கம் பார்க்காம, என்னைப் பார்த்து வாயால சொல்லுங்க. அந்தப் பத்திரிகைய போட்டது யாரு?

பொன்ராஜ்: நாந்தாம்ல, மருமவனே. கிருத்திகைக்குக் கிருத்திகை வடபழனி முருகனக் கும்புட்டுட்டு வெளிய வந்து உம்போர்டத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்... 'த.நெ.'ன்னு அப்பன் எழுத்துக்கு முன்னால எந்தங்கச்சி எழுத்தப் போட்டிருக்கானேன்னு. ஒங்காமிராவுக்காகவா நான் இந்த முழங்கால வச்சுக்கிட்டு மூணு மாடி ஏறுனேன்? மவன் அங்க நின்னா ஆத்தா துணிஞ்சு வருவான்னு ஏறுனேன். எதையும் வெட்டாத, வடை உட்பட. ஞாயித்துக்கிழம ஒங்காத்தாளே நேர்ல வந்து எம் பக்கத்துல உக்காந்து திங்கட்டும், அண்ணாச்சிட்ட நான் பேசிக்கிடுதேன். பையில ஒரு கவர் மிச்சம் இருக்கு. அன்னைக்குப் பேர எழுதத்தான் கை வரல... பேனா குடு.